மறுமொழி: ‘லாக்டேட் த்ரெஷோல்ட்’ – அவசரமாக ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:

வணக்கம். நெடுந்தூர ஓட்டப் பயிற்சியாளர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆறாம் இயல்தான் பாக்கி. அதில் ‘த்ரெஷோல்ட்’ (நிலை மாறும் எல்லை) 43 இடங்களில் வருகிறது, எல்லா இடத்திலும் பொருள் ஒன்றல்ல. இரத்த லாக்டேட் (தசை மாவுச்சத்தை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) ஓய்வுநிலை அளவிலிருந்து முதன்முதலாக எழும்பும் வேகம் (லிட்டருக்கு 2 மில்லிமோலை ஒட்டி) ஒன்று. உண்டாவதும் கரைவதும் ஈடாக நிற்கக்கூடிய கடைசி வேகம் (4ஐ ஒட்டி என்பார்கள், ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும்) இன்னொன்று. இது போதாதென்று டெம்போ ஓட்டத்துக்கும் (சற்றே கடினமான சீர்வேக ஓட்டம்) அதே சொல். இயற்பியல் பாடநூலில் ‘பயன்தொடக்க அதிர்வெண்’ இருப்பதால் ‘லாக்டேட் பயன்தொடக்கம்’ என்று போட்டு வைத்திருக்கிறேன். தேறுமா?

உடலியங்கியல் ஆசிரியர்:

> லாக்டேட் பயன்தொடக்கம்

தேறாது. உலோகத்தில் ஒளி பட்டு எலக்ட்ரான் வெளிவருவதற்கு அது பொருந்தும். அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒன்றுமே வராது. லாக்டேட் சும்மா உட்கார்ந்திருப்பவர் இரத்தத்திலும் 1 மில்லிமோல் அளவில் இருக்கிறது. ஓடும்போது தசை அதை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இதயமும் மெதுவாகச் சுருங்கும் தசையிழைகளும் அதை எரித்துக்கொண்டே இருக்கும். ‘தொடக்கம்’ என்று எழுதினால் அந்த வேகத்தில்தான் லாக்டேட் பிறக்கிறது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். அந்தப் பிழையை உடைக்கத்தானே இந்த இயல்?

தனித்தமிழ் அன்பர்:

முதலில் ‘லாக்டேட்’டையே ஏன் சுமக்கிறோம்? லகரம் மொழிக்கு முதலாகாது. 1780இல் ஷீலே இதைப் புளித்த பாலிலிருந்து பிரித்தார், பெயரும் பாலிலிருந்தே வந்தது. நம்மிடம் புளிப்புக்குக் ‘காடி’ இருக்கிறது. பால் + காடி = பாற்காடி, பாற்கடல் போல. த்ரெஷோல்டுக்கு ‘வாயில்’, ஈழத்துப் பாடநூல்களில் ‘நுழைவாய்’ என்று ஏற்கெனவே உண்டு. ஆக, ‘பாற்காடி வாயில்’.

உடலியங்கியல் ஆசிரியர்:

புணர்ச்சி சரி ஐயா, வேதியியல் சரியில்லை. காடி என்றால் அமிலம். இரத்தத்தின் காரகாடித் தன்மை (pH) 7.4, அங்கே லாக்டிக் அமிலம் அமிலமாகவே இருக்காது, 99.9 விழுக்காட்டுக்கு மேல் லாக்டேட் அயனியாகப் பிரிந்துவிடும். ‘காடி’யை உள்ளே விட்டால் ‘மறுநாள் கால்வலிக்கு அமிலம்தான் காரணம்’ என்ற பழைய கதையும் கூடவே வந்துவிடும். ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரம் போனால் லாக்டேட் ஏறத்தாழ ஓய்வுநிலைக்கே திரும்பிவிடுகிறது. மறுநாள் வலிக்கு அதன் மேல் பழி போட முடியாது.

தனித்தமிழ் அன்பர்:

அப்படியானால் ‘பாற்காடியுப்பு’. ஈழத்தில் கார்பனேட்டைக் ‘காபனேற்று’ என்பதுபோல...

பயிற்சியாளர்:

உப்பு என்றால் ஓடுகிறவர் வியர்வையில் போகும் சோடியத்தை நினைப்பார். வேண்டாம்.

களத்தில் இந்தச் சொல் எப்படிப் புழங்கும் என்று பாருங்கள். 1600 மீட்டர் ஐந்து முறை, நடுவில் 1 நிமிட ஓய்வு. 10 கி.மீ.ஐ 40 நிமிடத்தில் ஓடுபவருக்குக் கிலோமீட்டர் 4:05 முதல் 4:10 வரை. முதல் முறையை உற்சாகத்தில் 3:55 வேகத்தில் ஓடிவிடுவார். அப்போது ஓரத்தில் நிற்பவர் ஒரு சொல்லைக் கத்த வேண்டும், ஓடுபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். ‘பாற்காடியுப்பு வாயில்’ என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த வளைவைத் தாண்டியிருப்பார்.

மொழிபெயர்ப்பாளர்:

‘வரம்பு’ போதுமா?

பயிற்சியாளர்:

வரம்பு என்றால் மீறக்கூடாது என்று ஆகிறது. 5 கி.மீ. போட்டியே அதற்கு மேல்தான் ஓடுகிறார்கள். ‘திருப்பம்’ என்றால் களத்தின் வளைவு. ‘ஏற்றம்’ என்றால் மேடு. இரண்டையும் யாராவது முன்மொழிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

நீரியல் பொறியாளர்:

ஏரியைப் பாருங்கள். வரத்துக் கால்வாயில் நீர் வருகிறது, மதகு வழியாக வெளியேறுகிறது. வரத்து கூடினால் மதகை இன்னும் திறக்கலாம். நீர்மட்டம் சற்று ஏறி நிலைக்கும். மதகு முழுக்கத் திறந்த பிறகும் வரத்து கூடினால் மட்டம் நிற்காமல் ஏறும், கடைசியில் கலிங்கு வழியே மறுகால் போகும், அதாவது மிகை நீர் வழிந்தோடும். லாக்டேட் கதை இதுவேதான். ஆகவே ‘மறுகால்’, ‘மறுகால் வேகம்’. கால் என்றால் வாய்க்கால், கால் என்றால் ஓடுகிற உறுப்பு, கால் என்றால் காற்று. காற்றில்லாமல் ஆக்சிஜன் ஏது? மூன்றும் ஒரு சொல்லில் கூடுகின்றன. காலம் என்பதுகூட...

உடலியங்கியல் ஆசிரியர்:

‘காலம்’ வரை போக வேண்டாம். ஆனால் உவமை இரண்டாம் நிலைக்கு நன்றாகவே பொருந்துகிறது. அதன் வரையறையே அப்படித்தான்: ஒரே வேகத்தில் 30 நிமிடம் ஓடவிட்டு, 10ஆவது நிமிடத்துக்கும் 30ஆவதுக்கும் இடையே 1 மில்லிமோலுக்கு மேல் ஏறாத உச்ச வேகம். சிக்கல் முதல் நிலையில். அங்கே ஏரி நிரம்பவில்லை, மட்டம் லேசாக எழுகிறது, அவ்வளவே. அதற்கும் மறுகாலா? பீலி ஏற்றிய வண்டியில் முதல் கட்டை ஏற்றும்போதே அச்சு முறிந்தது என்பதுபோல் ஆகிவிடும்.

தனித்தமிழ் அன்பர்:

‘முதல் வாயில், இரண்டாம் வாயில்.’ எளிது.

மொழிபெயர்ப்பாளர்:

கையேட்டில் போட்டுப் பார்த்தேன். சோதனை முறை இப்படி: 3 நிமிடத்துக்கு ஒரு படி, படிக்கு மணிக்கு 1 கி.மீ. கூட்டு. ஒவ்வொரு படி முடிவிலும் காதுமடலைத் துடைத்து, ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்தி, முதல் துளியைத் துடைத்தெறிந்து அடுத்த துளியை எடு. வியர்வையில் லாக்டேட் அதிகம், கலந்தால் எண் பொய்யாகும். இதற்கு அடுத்த வரி: “இரண்டாம் வாயில் இரத்தம் 4 மில்லிமோல் காட்டலாம்.”

வாயில் இரத்தமா?

பயிற்சியாளர்:

‘வாசல்’ என்று வைத்துவிடுங்களேன். ஏழாம் வேற்றுமைத் தொல்லை இல்லை. முதல் வாசல், இரண்டாம் வாசல், வாசல் வேகம். வாசலைத் தாண்டலாம், தாண்டாமல் நிற்கவும் செய்யலாம். ‘வாசலுக்கு உள்ளே இரு’ என்றால் யாருக்கும் புரியும்.

தனித்தமிழ் அன்பர்:

வாசல் வாயிலின் கொச்சை.

பயிற்சியாளர்:

ஓடுகிறவருக்கு மூச்சு வாங்கும்போது கொச்சைதான் காதில் விழும்.

உடலியங்கியல் ஆசிரியர்:

வாசலுக்கு என் வாக்கு. ஆனால் அது சுவரில் பதித்த நிலைக்கதவு அல்ல என்று அடிக்குறிப்பு வேண்டும். முந்தைய நாள் கடும் பயிற்சியில் கிளைக்கோஜன் (தசையில் சேமித்த மாவுச்சத்து) தீர்ந்திருந்தால் அதே வேகத்தில் லாக்டேட் குறைவாகக் காட்டும். வாசல் மேலே போய்விட்டதாக எண்ணி வேகத்தைக் கூட்டினால் பயிற்சி கெடும். சோதனைக்கு முந்தைய நாள் லேசான ஓட்டம், வழக்கமான மாவுச்சத்து. கருவி இல்லாதவர் 30 நிமிடம் தனியாக முழு முயற்சியில் ஓடி, கடைசி 20 நிமிட நாடித்துடிப்பின் சராசரியை இரண்டாம் வாசலாகக் கொள்ளலாம். வெயிலில் செய்தால் துடிப்பு தானாக ஏறும், எண் கூடுதலாக வரும்.

மொழிபெயர்ப்பாளர்:

வாசலுக்கு என்னோடு மூன்று பேர், வாயிலுக்கு ஒருவர், மறுகாலுக்கு ஒருவர். மற்றவர்கள் தூங்கிவிட்டீர்கள் போலும். ‘லாக்டேட் வாசல்’ போகிறது. லகரத்துக்கு இகரம் சேர்க்கவில்லை, மன்னிக்கவும்.

நீரியல் பொறியாளர்:

இரண்டாம் வாசலுக்கு அடைப்புக்குறியில் ‘மறுகால்’ என்றாவது போடுங்கள். வாசலில் நின்றால் எதுவும் நிரம்பாது. இங்கே நடப்பதே நிரம்புவதுதான்.

தனித்தமிழ் அன்பர்:

‘வாசற்சோதனை’ என்று றகரம் இட்டு எழுதவும். அதையாவது செய்யலாம்.

பயிற்சியாளர்:

டெம்போவுக்கு என்ன முடிவு?

மொழிபெயர்ப்பாளர்:

வெள்ளிக்கிழமை வரை டெம்போவை யாரும் கிளப்ப வேண்டாம்.