எல்லைக்கோடு நடுவே செல்லும் ஊர்களில் நாம் சந்தித்தவர்கள்: சிங்கப்பூர் வாசகர்கள் எழுதியவை

தோ பாயோவிலிருந்து

2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் நண்பர் வீட்டுத் திருமணத்துக்காக மணிப்பூரின் இம்பால் நகருக்குச் சென்றிருந்தபோது, அங்கிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில் மியன்மார் எல்லையில் இருக்கும் மோரே என்ற சிற்றூருக்கு ஒரு நாள் போய்வந்தேன். என் தாத்தாவின் தம்பி குடும்பம் 1960களில் ரங்கூனை (இன்றைய யாங்கோன்) விட்டு வெறுங்கையோடு வந்தவர்கள் என்பதும், அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து பேசியதில்லை என்பதும்தான் என்னை அந்த மலைப்பாதையில் இழுத்துச் சென்ற காரணங்கள்.

மோரேயில் மெய்தெய்களும் குக்கிகளும் நேபாளிகளும் மார்வாடிகளும் வாழ்கிறார்கள் என்று தெரிந்துதான் போனேன். தமிழர்களும் இருக்கிறார்கள் என்று படித்திருந்தேன். ஆனாலும், அங்காள பரமேசுவரி அம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், இட்டிலியையும் பர்மிய நூடுல்ஸான அத்தோவையும் ஒரே மேசையில் வைத்து விற்றுக்கொண்டிருந்த எழுபது வயது அம்மா ஒருவர், "எந்த ஊர் தம்பி?" என்று கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை.

அவர் பிறந்தது ரங்கூனுக்கு அருகில். 1962இல் பர்மாவில் இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடைகள் அரசுடைமையாக்கப்பட்டன. 1964 மே மாதத்தில் பர்மாவின் 50, 100 சாட் பணத்தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, அவருடைய தந்தை பெட்டியில் சேர்த்து வைத்திருந்தது பெரும்பாலும் அந்தத் தாள்கள்தாம். கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள், முகாமில் இருந்தார்கள். பேச்சு புரிந்தாலும் பிழைப்புப் பிடிபடவில்லை என்றார். பிறந்த மண்ணுக்கே திரும்பிவிடலாம் என்று அவரைப் போன்ற பல குடும்பங்கள் இந்தியாவின் கிழக்கு முனைக்கு வந்து, மோரே வழியாக எல்லையைக் கடக்க முயன்று, பர்மியக் காவலர்களால் திருப்பி அனுப்பப்பட்டு, முன்னும் போக முடியாமல் பின்னும் போக மனமில்லாமல் அந்த இடத்திலேயே குடிசை போட்டார்கள். மோரேயின் தமிழர் குடியிருப்பு உருவான விதம் அதுதான். "அப்பா ஒரு வருசம்தான் இங்க இருப்போம்னாரு" என்று அவர் சொன்னார்.

அவருடைய அக்கா மட்டும் எப்படியோ உள்ளே போய், ஐந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் தாமு என்ற மியன்மார் ஊரில் வாழ்க்கைப்பட்டுவிட்டார். எல்லையோர மலைவாழ் மக்கள் 16 கிலோமீட்டர் வரை விசா இல்லாமல் சென்றுவர ஏற்பாடு இருந்தது. எல்லையை ஒட்டி மியன்மார் பக்கம் இருக்கும் சந்தைக்குச் செல்லும் மற்றவர்கள் இரண்டாம் நம்பர் கேட்டில் அடையாள அட்டையைக் காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு மாலைக்குள் திரும்பிவிட வேண்டியிருந்தது. இந்த இரண்டு சகோதரிகளும் பல ஆண்டுகளாக அந்தச் சந்தையில்தான் சந்தித்துவந்தார்கள். மியன்மாரின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால், அக்கா ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினால் தங்கை எட்டு மணிக்குக் கடையை மகளிடம் விட்டுவிட்டுக் கிளம்புவார். கேட் மூடும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் பேசக் கிடைப்பது சில மணி நேரம். எதைப் பேசுவீர்கள் என்று கேட்டேன். பேசுவதைவிட, அக்காவுக்குத் தலை பின்னிவிடுவதில்தான் நேரம் போகும் என்றார். கூடப் பிறந்தவளைக் காணச் சீட்டு வாங்கும் வாழ்க்கையை அவர் எந்தக் குறையும் சொல்லாமல் விவரித்தார்; கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் அத்தோ தொண்டையில் இறங்கவில்லை.

உட்லண்ட்ஸிலிருந்து

மேலே எழுதிய ஐயாவுக்கு வணக்கம். நான் மலேசியாவின் ஜோகூர் பாருவில் பிறந்து, சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருப்பவள். எங்கள் ஊர்களைச் சிற்றூர் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைத்து 1924இல் திறக்கப்பட்ட அந்த ஒரு கிலோமீட்டர் கடற்பாலத்தின் இரு முனைகளையும் என் அம்மா ஒரே ஊராகவே நினைத்து வளர்ந்தார். கடப்பிதழ்ச் சோதனை 1967இல் வந்ததாகவும், அதற்கு முன் பேருந்தில் ஏறினால் இறங்கும் வரை யாரும் எதையும் கேட்டதில்லை என்றும் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

2020 மார்ச் 16ஆம் தேதி இரவு, மலேசியா 18ஆம் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டை விதிக்கிறது என்ற செய்தி வந்தபோது, அம்மா எங்கள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மாலை அவரைச் சோதனைச்சாவடிக்கு அழைத்துப் போய் விட்டது நான்தான். அவருடைய இரத்த அழுத்த மாத்திரைகளும், வீட்டுச் சாவியும், தண்ணீர் ஊற்ற வேண்டிய துளசிச் செடியும் ஜோகூரில் இருந்தன. இரண்டு வாரம்தானே என்று நினைத்தோம். எங்களுக்கு எதிரே, மலேசிய ஊழியர்கள் தலையணையும் அரிசிக்குக்கருமாக இந்தப் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு இருபது மாதங்கள். இரு பக்கமும் தனிமைப்படுத்திக்கொள்ளச் சம்மதித்தால் போக வழி இருந்தது. பள்ளிப் பிள்ளையையும் வேலையையும் வைத்துக்கொண்டு என்னால் அது முடியவில்லை. அந்த முடிவை நான் இன்றும் தினமும் எண்ணிப் பார்க்கிறேன். சரக்கு லாரிகள் ஒரு நாளும் நிற்கவில்லை. ஜோகூரின் கீரையும் முட்டையும் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கடைக்கு வந்துகொண்டே இருந்தன. மாலையில் நீர்முகப்புப் பூங்காவில் நின்றால், அம்மா இருக்கும் பக்கத்துக் கட்டடங்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவது தெரியும். தொலைபேசியில் அவர், "எந்தப் பக்கமா நிக்கிற, நான் மாடிக்குப் போறேன்" என்பார். அங்கிருந்து என்னைப் பார்க்க முடியாது என்று இருவருக்குமே தெரியும். இருந்தாலும் கையை ஆட்டுவேன்.

2021 நவம்பர் 29ஆம் தேதி தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கான தரைவழிப் பயணத்தடம் திறந்து, அடுத்த வாரத்தில் எனக்குப் பேருந்துச் சீட்டுக் கிடைத்தது. லார்க்கின் நிலையத்தில் அம்மாவைப் பார்த்தபோது முதலில் நான் கவனித்தது, அவர் கையில் பிடித்திருந்த கைத்தடியை. அதை வாங்கியதைப் பற்றி அத்தனை மாதங்களில் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து

நோன்பு மாதத்தில் நடந்த ஒன்று. தாய்லாந்தின் ஹாட்யாய் நகருக்குச் செல்லும் வழியில், பெர்லிஸ் மாநிலத்தின் பாடாங் பெசார் நிலையத்தில் இரயிலுக்குக் காத்திருந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாய்லாந்து ஊருக்கும் அதே பெயர்தான். மலேசியக் குடிநுழைவும் தாய்லாந்துக் குடிநுழைவும் அந்த ஒரே நிலையத்திலேயே முடிந்துவிடுகின்றன. தாய்லாந்தின் கடிகாரம் மலேசியாவுக்கு ஒரு மணி நேரம் பின்னால்.

உணவுக்கடையில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பாய், மனைவி வீட்டார் அந்தப் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். அவர் தாத்தாவும் என் தாத்தாவைப் போலக் கடையநல்லூரிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் பேச்சு நீண்டது. நோன்பு திறக்க இந்தப் பக்கம் ஏழரை மணி. மாமியார் வீட்டில் ஆறரை. மறைவது ஒரே சூரியன் என்பதால் இருவரும் ஒரே நொடியில்தான் பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கிறார்கள். திருமணமான முதல் ஆண்டு, மாமனார் ஆறரைக்கு வரச் சொல்ல, இவர் மலேசிய நேரப்படி ஆறரைக்கே போய், ஒரு மணி நேரம் முன்னதாக அடுப்படியில் மாமியாரைத் திகைக்க வைத்திருக்கிறார். அன்று முதல் அந்த வீட்டில் யாரும் மணிக்கணக்குச் சொல்வதில்லை. "பாங்குக்கு வாங்க" என்றுதான் அழைக்கிறார்களாம்.

பொங்கோலிலிருந்து

சுருக்கமாக ஒன்று. நான் நெதர்லாந்தில் வேலை பார்த்தபோது, பெல்ஜியத்தின் 22 நிலத்துண்டுகள் டச்சு மண்ணுக்குள் சிதறிக் கிடக்கும் பார்லே ஊருக்குச் சென்றிருந்தேன். அங்கே ஒரு வீடு எந்த நாட்டுக்குரியது என்பதை வழக்கமாக முன்வாசல் இருக்கும் இடத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். வாசலின் நடுவிலேயே கோடு செல்லும் ஒரு வீட்டுக்கு இரண்டு கதவிலக்கங்கள் இருந்தன. அந்தக் கோட்டின் மேல் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பூவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மூதாட்டி காலை வணக்கம் சொன்னார். மோரே சகோதரிகளைப் பற்றி இப்போது படித்த பிறகு, அந்தக் காலை வேறு விதமாக நினைவுக்கு வருகிறது.

தோ பாயோவிலிருந்து, மீண்டும்

மோரேயின் அந்த அம்மா என்ன ஆனார் என்று உட்லண்ட்ஸ் சகோதரி தனியே கேட்டிருந்தார். 2020 மார்ச்சில் கேட் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு மியன்மாரில் மீண்டும் இராணுவ ஆட்சி. 2023 மே மாதம் மணிப்பூரில் மூண்ட கலவரம் மோரேயையும் விடவில்லை. 2024 பிப்ரவரியில் விசா இல்லாத அந்தத் தடையற்ற நடமாட்ட ஏற்பாட்டையே முடித்துக்கொள்வதாக இந்திய அரசு அறிவித்தது. அம்மா நலமாக இருக்கிறார், கடை மட்டும் சிறியதாகிவிட்டது.

அவருடைய அக்காவின் பேரன் சிங்கப்பூரில் கட்டுமானத் துறையில் வேலை செய்கிறார். சென்ற பொங்கலுக்கு அக்காவுக்கென்று மோரே அம்மா எடுத்த ஒரு சுங்குடிப் புடவையைச் சென்னை உறவினர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்து சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை, மியன்மார்க்காரர்கள் கூடும் பெனின்சுலா பிளாசாவில் அந்தத் தம்பியைச் சந்தித்துக் கொடுத்தேன். ஊருக்குப் போகும் நண்பர் ஒருவர் கையில் அவர் அதைக் கொடுத்தனுப்பினார். புடவை யாங்கோன் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கிருந்து தாமுவுக்குப் போகிறவர்கள் யாராவது கிடைப்பதற்காக ஓர் உறவினர் வீட்டில் அதை வைத்திருக்கிறார்கள்.