ஃபிரெடி மெர்க்குரி கட்டுரை: "நான்கு ஸ்தாயி குரல்" என்ற வரி நிற்க வேண்டுமா?

கல்மண்டபம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். குயின் இசைக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரியைப் பற்றிய நம் கலைக்களஞ்சியக் கட்டுரையின் முதல் பத்தி, அண்மைக் காலமாகத் தொகுப்பதும் மீளமைப்பதுமாகவே இருக்கிறது. அவருடைய குரல் நான்கு ஸ்தாயிகளில் (ஆக்டேவ்) சஞ்சரித்தது என்று ஒருவர் சேர்க்கிறார். "சான்று தேவை" என்ற வார்ப்புருவை இன்னொருவர் இடுகிறார். மூன்றாமவர் வந்து அதை நீக்கிவிட்டு ஒரு செய்தித்தளத்தின் இணைப்பைச் சேர்க்கிறார். அந்தச் செய்தியைத் திறந்து பார்த்தால், நம் கட்டுரையின் பழைய வடிவமே அங்கே சொல் மாறாமல் இருக்கிறது. நாம் சான்றின்றி எழுதியதை அவர்கள் எடுத்துக்கொள்ள, அதையே நாம் சான்றாகக் காட்டுவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல.

கட்டுரையின் ஓரத்தில் விவரங்களைச் சுருக்கித் தரும் தகவற்சட்டத்திலும் இதே நிலைதான். பிறந்த நாடு தான்சானியா என்று ஒரு நாளும் இந்தியா என்று மறுநாளும் காணப்படுகிறது. இனம் என்ற இடத்தில் பாரசீகர், இந்தியர், பிரித்தானியர் என்ற மூன்றும் மாறி மாறி வருகின்றன. இவற்றைவிட எனக்குக் கவலை தருவது, அவருடைய வாழ்க்கையைத் தழுவி 2018இல் வெளிவந்த திரைப்படத்தின் காட்சிகள் நடந்த நிகழ்ச்சிகளாகவே கட்டுரைக்குள் வந்து சேர்வதுதான்.

பல இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கூற்றை உண்மையாக நாம் எழுதலாமா? உங்கள் கருத்துகளை அறிந்த பிறகே அடுத்த தொகுப்பைச் செய்ய விரும்புகிறேன்.

நெய்தல்நிலம்:

குரலைப் பற்றிய கூற்றை அளந்து பார்த்த ஆய்வே இருப்பதால் இங்கே ஊகத்துக்கு இடமில்லை. கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட் என்ற குரலியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மெர்க்குரியின் ஆறு நேர்காணல்களையும், பல்வாத்தியப் பதிவுகளிலிருந்து பிரித்தெடுத்த அவருடைய குரல் தடங்களையும் ஆராய்ந்தார்கள். பாடும்போது அவர் குரல் ஏறக்குறைய 92 ஹெர்ட்சிலிருந்து 784 ஹெர்ட்சு வரை, அதாவது 37 அரைச்சுரங்கள் பரவியிருந்தது என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு சுரஸ்தானங்கள் என்பதை அறிந்த நம் வாசகருக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை: மூன்று ஸ்தாயியும் அதற்கு மேல் ஓர் அரைச்சுரமும். நான்கு ஸ்தாயி என்று சொல்ல 48 வேண்டும்.

இதில் நாம் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1,347 ஹெர்ட்சு வரை அவர் எட்டியதாகச் சில பதிவுகள் காட்டினாலும் அவை நம்பத்தக்கவை அல்ல என்றுதான் ஆய்வாளர்கள் கூறினார்களே தவிர, அவரால் அது முடியாது என்று தீர்ப்பு வழங்கவில்லை. 1991இல் மறைந்த ஒருவரின் குரலை எஞ்சியிருக்கும் பதிவுகளைக் கொண்டு மட்டுமே அளக்க முடியும். ஆகவே "நான்கு ஸ்தாயி என்பது பொய்" என்று எழுதினால் நாமும் ஆதாரத்தைத் தாண்டியவர்களாவோம்.

அந்த ஆய்வில் ஸ்தாயிக் கணக்கைவிடச் சுவையான செய்திகள் இருக்கின்றன என்பது என் எண்ணம். பேசும்போது அவர் குரலின் நடு அளவு 117.3 ஹெர்ட்சு, இது பாரிடோன் என்னும் இடைநிலை ஆண்குரலுக்கு உரியது. உச்சத்தில் பாடிப் புகழ்பெற்றவர் இயல்பில் அவ்வளவு உயர்ந்த குரலுடையவர் அல்லர் என்பதே வியப்புக்குரியது. நீட்டிப் பாடும் சுரங்களில் அவருடைய குரலின் அசைவு (விப்ராட்டோ) வினாடிக்குச் சராசரியாக 7 முறை என்ற வேகத்திலும், ஒழுங்கு குலைந்தும் இருந்ததையும் அவர்கள் பதிவு செய்தார்கள். கேட்டவுடன் அவர் குரலை அடையாளம் காண முடிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். ஒரு பாடகரின் வாழ்க்கைக் குறிப்பில் இடம்பெற வேண்டியவை இவைதாம். நம் கட்டுரையிலோ இவற்றில் ஒன்றுகூட இல்லை.

ஏட்டுக்கட்டு:

நெய்தல்நிலம் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் ஒரு மறுப்பு. நாம் ஆய்வாளர்கள் அல்லர்; வெளியான நூல்களும் இதழ்களும் சொல்வதைத் தொகுத்துத் தருவதே நம் பணி. நான்கு ஸ்தாயி என்ற கூற்று அச்சில் பலமுறை வந்திருக்கிறது. ஒரே ஒரு ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் தள்ளிவிட்டால், எது உண்மை என்று நாமே முடிவு செய்தவர்களாக மாட்டோமா? அந்த ஆய்வு வெளியானபோது எழுந்த செய்திகளில் பல, "மெர்க்குரியின் குரல் ஈடற்றது என்று அறிவியல் நிறுவிவிட்டது" என்ற தொனியில்தான் இருந்தன என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே ஆய்வை மேற்கோள் காட்டி இரு தரப்பும் எழுத முடிகிறதென்றால், கூற்றை நீக்குவதைவிட யார் சொன்னது என்பதோடு சேர்த்துத் தருவதே பாதுகாப்பானது.

மாடவீதி:

குரல் விவாதத்தை உங்கள் இருவரிடமும் விட்டுவிட்டுப் பிறப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அதில் குழப்பத்துக்கே இடமில்லை. ஃபாரூக் புல்சாரா என்ற இயற்பெயருடைய அவர் 1946 செப்டம்பர் 5 அன்று சான்சிபாரில் பிறந்தார். அன்று அது சுல்தானை அரசராகக் கொண்ட பிரித்தானியப் பாதுகாப்பு நாடு. தான்சானியா என்ற நாடு 1964இல்தான் உருவானது. ஆகவே தகவற்சட்டத்தில் "சான்சிபார்" என்றும், தேவையானால் "இன்றைய தான்சானியா" என்றும் எழுதுவதே சரி. 1964 புரட்சிக்குப் பின் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது என்ற செய்தி, அந்தத் தீவின் அன்றைய நிலையைச் சரியாகச் சொன்னால்தான் வாசகருக்கு விளங்கும்.

இனத்தைப் பொறுத்தவரை, பெற்றோர் குஜராத்திலிருந்து வந்த பார்சிகள், அதாவது சரத்துஸ்திர சமயத்தவர். குடும்பப் பெயரே வல்சாடு என்று இன்று வழங்கும் புல்சார் ஊரைச் சுட்டுகிறது. பார்சிகளின் முன்னோர் ஈரானிலிருந்து குஜராத்துக்கு வந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்பதால், அவரை வெறுமனே "பாரசீகர்" என்பது வாசகரைத் திசைதிருப்பும். பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதியை அவர் மகாராட்டிரத்தின் பஞ்ச்கனியில் இருந்த உறைவிடப் பள்ளியில் கழித்தார். முதன்முதலாக ஓர் இசைக்குழுவில் சேர்ந்ததும் அங்கேதான். அவருடைய இறுதிச் சடங்கு சரத்துஸ்திர முறைப்படி நடந்தது. இந்தச் செய்திகளை உரிய பத்திகளில் எழுதிவிட்டு, தகவற்சட்டத்தில் இனம் என்ற கட்டத்தையே எடுத்துவிடலாம். இந்தியர் என்று உரிமை கொண்டாடும் ஆர்வமும், பிரித்தானியர் என்று மட்டும் நிறுவும் பிடிவாதமும் ஒற்றைச் சொல்லுக்கு இடம் கொடுத்ததால் வந்தவை.

நெய்தல்நிலம்:

ஏட்டுக்கட்டு அவர்களுக்கு: கூற்றை அடியோடு நீக்க நானும் கேட்கவில்லை. ஆனால் அளந்து சொன்ன ஓர் ஆய்வையும், அளக்காமல் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பத்து செய்திகளையும் எண்ணிக்கையால் எடை போட முடியாது. "அவருடைய குரல் நான்கு ஸ்தாயிகளைத் தொட்டதாகப் பரவலாகக் கூறப்படுகிறது, 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, கிடைத்த பதிவுகளிலிருந்து 37 அரைச்சுரங்களை உறுதிப்படுத்தியது" என்று எழுதலாம். இது முன்னுரையில் வேண்டாம். குரல்வளம் என்ற பகுதிக்குப் போகட்டும்.

ஏட்டுக்கட்டு:

அந்த வாசகம் எனக்குச் சம்மதம்.

கல்மண்டபம்:

மூவருக்கும் நன்றி. குரல், பிறப்பு இரண்டையும் இவ்வாறே திருத்துகிறேன். திரைப்படத்தால் வந்த பிழைகளில் மிகவும் கனமானது அவருடைய நோயைப் பற்றியது. 1985 சூலை 13 அன்று நடந்த லைவ் எய்டு என்ற நிதி திரட்டும் இசை நிகழ்ச்சிக்கு முன்பே அவர் தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அறிந்து குழுவினரிடம் சொன்னதாகப் படம் காட்டுகிறது. நம் கட்டுரையும் அதையே சொல்கிறது. அவருடன் வாழ்ந்த ஜிம் ஹட்டன், நோய் கண்டறியப்பட்டது 1987 ஏப்ரல் இறுதியில் என்று எழுதியிருக்கிறார். லைவ் எய்டுக்கு முன் குழு பிரிந்து கிடந்தது என்பதும் படத்தின் கற்பனையே. 1984இல் புதிய பாடல் தொகுப்பை வெளியிட்டு, 1985 மே வரை அவர்கள் சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள்.

தமக்கு எய்ட்சு இருப்பதை இறப்பதற்கு முந்தைய நாள் வரை உலகுக்கு அறிவிக்காதவர் அவர். எப்போது, யாரிடம் சொல்வது என்பதை அவ்வளவு காலம் தம் கையிலேயே வைத்திருந்த ஒருவரைப் பற்றி, அந்த நாளைத் திரைக்கதை வசதிக்காக இரண்டு ஆண்டுகள் முன்னே தள்ளி எழுதியதை நாம் ஒரு வாரம்கூட விட்டுவைக்கக் கூடாது. அந்தப் பத்தியை இப்போதே நீக்கிவிட்டு, 1987 என்ற ஆண்டை ஹட்டனின் கூற்றாக அவர் பெயரோடு சேர்த்து எழுதுகிறேன். வேறு நம்பத்தக்க நூலில் மாறான தகவல் கண்டவர்கள், மீளமைப்பதற்கு முன் பேச்சுப் பக்கத்தில் பக்க எண்ணோடு குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.