மகளின் ஓவியங்களைப் புத்தகமாகவும் துணிப்பையாகவும் அச்சிட வேண்டும்: முதல் முயற்சியில் பாட்டியை அழவைத்துவிட்டேன்

காலணிப்பெட்டி அப்பா எழுதியது:

என் மகளுக்கு அடுத்த மாதம் ஆறு வயது முடிகிறது. இரண்டரை வயதிலிருந்து அவள் வரைந்த காகிதங்களில் ஒன்றைக்கூட நான் எறிந்ததில்லை. அலமாரியின் மேல்தட்டில் ஒரு காலணிப் பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றில் பதினைந்து, பதினாறு படங்களைப் பொறுக்கி, ஒரு சின்னப் புத்தகமாக்கி அவளுக்குக் கொடுக்க ஆசை. அவளுடைய தோழர், தோழிகள் ஏழு பேருக்கும் ஆளுக்கொரு பிரதி. அதை வைத்துக் கொடுக்க ஒரு துணிப்பை, பையின் மேல் அவளுடைய ஓவியம் ஒன்று, வாங்குகிற பிள்ளையின் பெயர். எல்லாம் வீட்டிலேயே, அவளுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும்.

இதுவரை செய்து கெடுத்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று லேமினேஷன் இயந்திரம் ஒன்று வாங்கினேன். முதலில் உள்ளே அனுப்பியது அவள் மெழுகு வண்ணத்தில் வரைந்த பாட்டி. அந்தப் பக்கம் வந்தபோது தலைமுடி உருகி இரண்டு கண் வழியாகவும் வழிந்திருந்தது. மகள் பார்த்துவிட்டு, பாட்டி ஏன் அழுகிறாள் என்று கேட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை.

அடுத்து, இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் அச்சுத்தாள். கறுப்பு பனியனில் ஒட்டினேன். படம் துணிக்குள் எங்கோ போய்விட்டது; வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு பளபளப்பு மட்டும் தெரிகிறது. வெளிர் நிறப் பருத்திப் பையில் நன்றாகத்தான் வந்தது, ஆனால் இரண்டாவது சலவையில் வெயிலில் காய்ந்த ஏரி மாதிரி வெடித்துவிட்டது. பெயர்கள் இன்னொரு தலைவலி. என்னிடம் இருப்பது பழைய வடிவமைப்பு மென்பொருள். அதில் தமிழில் அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக நிற்கின்றன.

மூன்று வாரம் இருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?

---

தையல்பெட்டி எழுதியது:

துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், புத்தகம் எனக்குத் தெரியாது.

அந்த அச்சுத்தாளில் இரண்டு வகை உண்டு. வெளிர் துணிக்கானது கண்ணாடி போன்ற மெல்லிய படலம். வீட்டு அச்சுப்பொறி வெள்ளை மையை அச்சிடாது. படத்தில் வெள்ளையாக இருக்கும் இடமெல்லாம் துணியின் நிறம்தான் தெரியும். கறுப்புத் துணியில் உங்கள் மகளின் ஓவியம் காணாமல் போனது இதனால்தான். அடர் நிறத் துணிக்கான தாளில் வெள்ளை அடித்தளம் சேர்ந்தே வரும். முதல் வகையில் படத்தை இடவலம் திருப்பி அச்சிட வேண்டும், இரண்டாவதில் திருப்பக் கூடாது. பெயரும் இருப்பதால், ஒட்டுவதற்கு முன் தாளை ஒரு முகக்கண்ணாடி முன்னால் பிடித்துப் படித்துப் பாருங்கள். வெளிர் துணித் தாள் என்றால் கண்ணாடியில் சரியாகப் படிக்க வர வேண்டும்.

வெடித்ததற்குக் காரணம் அநேகமாக இவற்றில் ஒன்று: துணியைப் புதிதாக அப்படியே எடுத்திருப்பீர்கள், அல்லது இஸ்திரி மேசையின் பஞ்சு மெத்தை மேல் வைத்து அழுத்தியிருப்பீர்கள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். ஒருமுறை துவைத்துக் காயவைத்து, மென்மையூட்டும் திரவம் எதுவும் சேர்க்காமல், சூடான பெட்டியால் தேய்த்து ஈரத்தைப் போக்கிவிட்டு ஆரம்பியுங்கள். கீழே மரப்பலகை வேண்டும். பெட்டியில் நீராவி நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். பெட்டியை இழுக்காதீர்கள், எடுத்து எடுத்து வையுங்கள். ஓரங்களில் அதிக நேரம் அழுத்துங்கள். படத்தைச் சதுரமாக வெட்டாமல் மூலைகளை வளைத்து வெட்டுங்கள். கூரான மூலைதான் முதலில் உரியும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் படாமல் வைத்திருந்து, பிறகு உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக் குளிர்ந்த நீரில் துவைக்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் அது துணிமேல் ஒட்டிய படலம்தான். ஒருநாள் வெடிக்கும்.

பதங்கமாதல் முறையில் அச்சிடலாமே என்று யாராவது வந்து சொல்வார்கள். அந்தச் சாயம் 190 முதல் 200 டிகிரி வெப்பத்தில் ஆவியாகிப் பாலியெஸ்டர் இழைக்குள் புகுந்துகொள்ளும், வெடிக்கவே வெடிக்காது. ஆனால் பருத்தியில் நிற்காது. உங்கள் பை பருத்தி.

நானாக இருந்தால் பெயரை அச்சிடவே மாட்டேன். எழுத்தைத் தாளில் அச்சிட்டுப் பைக்குள் நுழைத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சத்தில் தெரிவதைத் துணிப் பேனாவால் வரைந்துவிடுவேன். காய்ந்த பின் பின்பக்கமாக இஸ்திரி போட்டால் போதும். ஏழு பெயர் ஒரு மாலை வேலை.

---

ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர் எழுதியது:

ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்து அச்சகத்தில் இருந்தவன் நான். நண்பரே, முதல் வேலையாக அந்த லேமினேஷன் இயந்திரத்தை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மூலத்தின் மேல் சூடு, பசை, ஒட்டுநாடா எதுவும் படக் கூடாது. ஸ்கேன் செய்தபின் காலணிப் பெட்டியை மூடி மேலேயே வையுங்கள்.

ஸ்கேன் செய்ய அளவு சொல்கிறேன். அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 5 சென்டிமீட்டர் பூவை அதே அளவில் அச்சிட 300 போதும். 10 சென்டிமீட்டராகப் பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால் 600இல் ஸ்கேன் செய்யுங்கள். கைபேசியில்தான் எடுக்க முடியும் என்றால் ஜன்னலோரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், கைபேசியைத் தாளுக்கு இணையாகப் பிடித்து எடுங்கள். எடுத்ததை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக் கணினிக்கு மாற்றாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். பிறகு தாளின் மஞ்சளைப் போக்குகிறேன் என்று வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போவீர்கள்; எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். இரண்டரை வயதுக் குழந்தையின் பென்சில் கோடு மெல்லியது, முதலில் மறைவது அதுதான். கொஞ்சம் மஞ்சள் இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி புத்தகம். ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். ஆகவே பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் வரும். உங்கள் பதினாறு கச்சிதம், பிரதிக்கு நான்கு தாள். எந்தப் பக்கம் எதன் அருகே வரும் என்று குழம்ப வேண்டாம். நான்கு வெற்றுத் தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, ஒன்று முதல் பதினாறு வரை எண் எழுதிப் பிரித்துப் பாருங்கள். வெளித்தாளில் 16க்குப் பக்கத்தில் 1, அதன் மறுபுறம் 2க்குப் பக்கத்தில் 15. எந்தத் தாளைப் பார்த்தாலும் இரண்டு எண்ணும் சேர்ந்து 17 வரும். அச்சுப்பொறியில் குறுகிய விளிம்பில் திருப்பும் தேர்வைச் சொடுக்குங்கள். இல்லாவிட்டால் பாதிப் புத்தகம் தலைகீழாக நிற்கும்.

உள்தாள் 100 அல்லது 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு). 80 ஜிஎஸ்எம் தாளில் பின்பக்கத்துப் படம் முன்னால் நிழலாடும். அட்டைக்கு 200க்கு மேல். கடையில் வரும் ஏ4 தாளின் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும், நீங்களோ குறுக்கே மடிக்கப் போகிறீர்கள். உள்தாள் பொறுத்துக்கொள்ளும், அட்டை முதுகில் வெடிக்கும். மை தீர்ந்துபோன பேனாவால் அளவுகோலை வைத்து ஒரு பள்ளம் கீறிவிட்டு மடியுங்கள்.

பின் அடிக்காதீர்கள். துருப்பிடிக்கும், குழந்தை விரலில் ஏறும். நூலால் தையுங்கள். முதுகில் மூன்று துளை. உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே, மேல்துளை வழியாக உள்ளே, உள்பக்கமாகவே கீழ்த்துளைக்குப் போய் வெளியே, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே. நீளமாக ஓடும் நூலுக்கு இரண்டு பக்கமும் நூல்முனைகள் வரும்படி வைத்து முடிச்சுப் போடுங்கள். ஒரு பிரதி பழகிவிட்டால் மற்றவற்றுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. மடித்தபின் உள்தாள்கள் வெளித்தாளைவிடச் சற்று நீட்டிக்கொண்டிருக்கும், அதைக் கடைசியில் வெட்டிச் சமன்செய்யுங்கள். அதனால் ஓரத்தில் படத்தையோ எழுத்தையோ ஒட்டி வைக்காதீர்கள்.

மறந்துவிட்டேன்: முதல் பிரதியை மெய்ப்பாக, அதாவது பிழை பார்க்கும் மாதிரியாக, வைத்துக்கொண்டு ஆசிரியரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். இங்கே ஆசிரியர் உங்கள் மகள்.

---

காலணிப்பெட்டி அப்பா எழுதியது:

நன்றி ஐயா. வெற்றுத் தாளை மடித்து எண் போட்டுப் பார்த்தேன், 17 வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆனால் அவளிடம் காட்ட முடியாது, அன்றைக்குத்தான் அவளே பார்க்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே என்ன படம் என்று ஒரு சொல் மட்டும் போடுகிறேன். அவள் வரைந்தது எனக்குத் தெரியாதா?

முதல் பக்கத்தில், அவள் பிறப்பதற்கு முன் எடுத்த ஸ்கேன் படத்தையும் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன். ஓரங்கள் மங்கத் தொடங்கியிருக்கின்றன.

---

மூன்று பிள்ளைத் தாய் எழுதியது:

சகோதரரே, இன்றைக்கே அதை ஸ்கேன் செய்துவிடுங்கள். அநேகமாக அது வெப்பத்தாள், கடை ரசீது அச்சாகிற அதே வகை. அதில் மை கிடையாது; தாளின் பூச்சு சூட்டில் கறுத்துத்தான் படம் உண்டாகிறது. அதனால் வெளிச்சத்தில் மங்கும், சூடு பட்டால் முழுவதும் கறுக்கும். என் மூத்தவனின் படத்தை நானும் லேமினேஷன் செய்யக் கொடுத்தேன். கறுப்பு அட்டை ஒன்று திரும்பி வந்தது. அதற்குப் பிரதி இல்லை. இளையவர்கள் இருவருக்கும் படம் இருக்கிறது, அவனுக்கு மட்டும் இல்லை; ஆல்பத்தைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் கேட்கிறான். மூலத்தை இருட்டான இடத்தில், காகித உறையில் வையுங்கள். பிவிசி உறை வேண்டாம்.

பெயரைப் பற்றி ஒன்று. பையின் வெளியே பெரிதாகப் பெயர் இருந்தால் தெருவில் போகும் யாரும் குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்கலாம். குழந்தைக்கோ பெயர் தெரிந்தவர் எல்லாம் தெரிந்தவர்தான். நான் உள்மடிப்பில்தான் எழுதுகிறேன். அந்த ஏழு பேருக்கும் மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கை இருக்கலாம். அலங்காரத்துக்கு மணி, பொத்தான், சிறு காந்தம் எதுவும் கோக்காதீர்கள். காந்தம் இரண்டு விழுங்கப்பட்டால் குடலின் இரண்டு பக்கமிருந்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், அறுவைச் சிகிச்சை வரை போய்விடும்.

---

ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர் எழுதியது:

கொம்பு விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. யூனிகோடில் 'கெ' என்பது ககரம் முதலில், கொம்பு பின்னால் என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. உங்கள் பழைய மென்பொருளுக்கு அது தெரியாது. லிப்ரே ஆபிஸ், இங்க்ஸ்கேப் இரண்டுமே இலவசம், இரண்டிலும் தமிழ் சரியாக வரும். அதிலேயே பெயரை அமைத்துப் பிடிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள்; எழுத்துரு கோப்புக்குள்ளேயே போய்விடும், வேறு கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியாது.

ஏழு பேரில் யாருடைய பெயராவது 'கௌ', 'சௌ' என்று தொடங்கினால் கவனியுங்கள். பலர் ஒற்றைக்கொம்பு போட்டு, பின்னால் ளகரத்தை அடித்துவிடுகிறார்கள். சிறிய எழுத்தில் கண்ணுக்குத் தெரியாது. பை அளவுக்குப் பெரிதாக்கினால், சில எழுத்துருக்களில் அந்த ளகரம் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி தள்ளி நிற்கும்.

---

காலணிப்பெட்டி அப்பா எழுதியது:

விழா முடிந்தது. பைகள் நன்றாக வந்தன. பெயர்களை ஜன்னலில் ஒட்டி உள்மடிப்பில் பேனாவால் எழுதினேன். ஒரு சௌமியா இருந்தாள், ளகரத்திலிருந்து தப்பினாள். ஸ்கேன் படத்தை முதல் பக்கத்தில் போட்டுவிட்டேன். முதல் புத்தகத்தைத் தைக்க முக்கால் மணி நேரம் ஆனது, எட்டாவது உண்மையிலேயே ஐந்து நிமிடம்தான்.

ஆனால் ஒன்பதாம் பக்கம். நான்கு வயதில் வரைந்தது. உருண்டை முகம், கன்னத்தில் இரண்டு பக்கமும் கோடு கோடாக மீசை. கீழே 'பூனை' என்று போட்டிருந்தேன். மகள் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டாள். அது பூனை இல்லையாம், நானாம். அந்தக் கோடுகள் நான் சவரம் செய்யாத நாட்களாம்.

தோழர், தோழிகள் கிளம்புவதற்குள் எட்டுப் பிரதிகளையும் வாங்கி வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் 'பூனை'யை அடித்துவிட்டு 'அப்பா' என்று எழுதிக் கொடுத்தாள். ஆறாவது பிரதிக்கு வரும்போது கை சோர்ந்துவிட்டது போலிருக்கிறது, புள்ளி வைக்காமல் 'அபபா' என்று எழுதியிருக்கிறாள்.

---

ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர் எழுதியது:

மெய்ப்பைக் காட்டச் சொன்னேனே! புள்ளி விடுபட்டது ஆசிரியர் பிழை, அதற்கு அச்சகம் பொறுப்பல்ல. ஆறாவது பிரதி யாரிடம் போயிருக்கிறது என்று விசாரித்து, புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்துவிட்டு அதைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.