முக்திநாத் போக ஆதார் மட்டும் போதுமா?

குன்னூர்க்காரி:
வணக்கம். அப்பா அம்மாவ நேபாளத்துல இருக்கற முக்திநாத் கோயிலுக்கு கூட்டிட்டு போலாம்னு இருக்கோம், கோயம்புத்தூர்ல இருந்து டெல்லி, அங்கிருந்து காத்மாண்டு பிளைட். யார்கிட்டயும் பாஸ்போர்ட் இல்ல. அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 61, பையனுக்கு 16, பொண்ணுக்கு 9. எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஓட்டர் ஐடி இருக்கு, அம்மாவோடது எங்க போச்சுன்னே தெரியல. டிராவல்ஸ்காரர் ஆதார் போதும்ங்கறார், நம்பலாமா?

கோத்தகிரி பஸ்:
நேபாளத்துக்கு நமக்கு விசாவே தேவையில்லங்க, ரெண்டு நாடும் 1950ல போட்ட ஒப்பந்தம். நாங்க சுனௌலி பார்டர் வழியா பஸ்ல போனோம், ஆதார காட்டினோம், விட்டுட்டாங்க. தைரியமா போங்க.

ஊட்டி டிக்கெட்:
அண்ணா, பஸ்ல போறது வேற, பிளைட் வேற. ஏர்போர்ட்ல 15ல இருந்து 65 வயசு வரைக்கும் பாஸ்போர்ட் இல்லன்னா எலெக்‌ஷன் கமிஷன் குடுத்த ஓட்டர் ஐடிதான், ஆதார் செல்லாது. 15க்கு கீழ, 65க்கு மேலன்னா ஆதார் ஓகே, அதனால உங்க அப்பாவும் பொண்ணும் தப்பிச்சாங்க, மாட்றது அம்மாதான். இப்பவே ஓட்டர் ஐடிக்கான பார்ம் 8 போட்டு டூப்ளிகேட் கார்டு வாங்கிருங்க. பையனுக்கு ஸ்கூல் பிரின்சிபால் கையெழுத்து போட்ட அடையாள சான்று வேணும், அதுக்குன்னு தனி படிவம் இருக்கு, சும்மா போனஃபைட் வாங்கிட்டு போய் நிக்காதீங்க, லீவு விட்டா பிரின்சிபால புடிக்கறதே பெரும்பாடு.

மசினகுடி மாமா:
குடும்பமா சேந்து போனா பெரியவங்க ஒருத்தர்கிட்ட ஓட்டர் ஐடி இருந்தா போதும், மத்தவங்க போட்டோவும் உறவும் தெரியற மாதிரி ஏதாவது காட்டலாம்னு ஒரு சலுகை இருக்கேம்மா. ரேஷன் கார்டு கூட அதுல வரும்.

ஊட்டி டிக்கெட்:
இருக்கு மாமா, ஆனா நம்ம ஸ்மார்ட் ரேஷன் கார்ட எடுத்து பாருங்க, குடும்பத் தலைவர் போட்டோ மட்டும்தான் இருக்கும், மத்தவங்க வெறும் பேரு. கவுண்டர்ல நின்னுட்டு வாதாடவா முடியும்? டூப்ளிகேட்டே நல்லது.

கூடலூர் பேரன்:
நடுவுல ஒரு கேள்வி. எங்க ஆச்சி சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துல இலங்கையில இருந்து இந்தியாவுக்கு வந்தவங்க, பொறந்த ஹட்டன் தோட்டத்த ஒருக்கா பாக்கணும்ங்கறாங்க. இலங்கையும் சார்க்ங்கற தெற்காசிய நாடுகள் கூட்டமைப்புலதானே இருக்கு, ஓட்டர் ஐடில போலாமா?

ஊட்டி டிக்கெட்:
முடியாதுங்க, சார்க்ல இருந்தாலும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ரூல். ஓட்டர் ஐடி செல்றது நேபாளம், பூட்டான் ரெண்டுக்குத்தான், பூட்டான்ல 2022ல இருந்து நம்மாளுங்களுக்கு ராத்திரிக்கு தலைக்கு 1200 ரூபா கட்டணம் வேற. இலங்கைக்கு பாஸ்போர்ட் கண்டிப்பா வேணும், கூடவே ஆன்லைன்ல ஈ.டி.ஏ.ங்கற பயண அனுமதி. ஆச்சிக்கு மொதல்ல பாஸ்போர்ட்டுக்கு போடுங்க.

குன்னூர்க்காரி:
இந்த திரெட்ட அப்படியே டிராவல்ஸ்காரருக்கு அனுப்பிட்டேன், ப்ளூ டிக் விழுந்துருச்சு, பதில்தான் காணோம். பார்ம் 8 நாளைக்கே போட்டுர்றேன், நன்றிங்க.