ஆமை ஓட்டில் கூம்பு கூம்பாக மேடு

கேள்வி:
துபாயில் ஃபிளாட்டில் சல்காட்டா ஆமை (ஆப்பிரிக்க நில ஆமை) வளர்க்கிறேன். 2 வயது, பெயர் அப்பு. ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் குட்டிக் கூம்பு மாதிரி எழும்பி நிற்கிறது. விரலை ஓட்டினால் படிக்கட்டு போல இருக்கிறது. நன்றாகத்தான் தின்கிறது. லெட்யூஸ், வெள்ளரிக்காய், எப்போதாவது பூனைச் சாப்பாடு (அதுவாகப் போய்த் திருடுவது). நாள் முழுக்க ஜன்னல் வெயிலில்தான் கிடக்கும். பயப்பட வேண்டுமா?

பதில் 1:
இதைப் பிரமிடிங் என்பார்கள். ஏசி அறையின் வறண்ட காற்று முக்கியக் காரணமாக இருக்கும். ஓடும் எலும்பும் வலுவாக வளரத் தேவையான யுவிபி (வெயிலில் உள்ள ஒரு வகைப் புற ஊதா) கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும், அந்த வெயிலால் பயனில்லை. யுவிபி விளக்கு வாங்குங்கள். புல்லும் காய்ந்த புல்லும்தான் அதன் சாப்பாடு. என் ஆமைக்குத் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் குளியல். இறங்கியதும் முதல் வேலையாகத் தொட்டியை அசிங்கம் செய்துவிடும், அது வேறு கதை.

பதில் 2:
எழும்பிய மேடு இனி இறங்காது சகோ. புதிதாக வளரும் ஓரம் சமமாக வருகிறதா என்று பாருங்கள். அப்புறம், மெல்ல அழுத்தினால் ஓடு அமுங்குகிறதா? அமுங்கினால் கால்சியம் குறைந்து எலும்பே பாதித்திருக்கலாம். தள்ளிப்போடாமல் ஊர்வன பார்க்கும் டாக்டரிடம் போங்கள்.

கேட்டவர்:
இப்போதுதான் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருக்கிறது. பூனைத் தட்டை அலமாரி மேல் தூக்கி வைத்துவிட்டேன், பூனைக்குத்தான் கோபம்.