அரச இலையின் நரம்பு வலையைக் கிழியாமல் எடுப்பது எப்படி?

கேள்வி:
வாசலில் நாள்தோறும் பெருக்கித் தள்ளும் அரச இலைகளின் நரம்பு வலையை மட்டும் பிரித்தெடுத்து, அதில் ஓவியம் வரைய விரும்புகிறேன். பத்து நாள் ஊறவைத்துத் தேய்த்தபோது மூன்று இலைகளும் காம்போரம் கிழிந்துவிட்டன. எங்கே தவறினேன்?

மறுமொழி 1:
அவசரப்பட்டுவிட்டீர்கள். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் சதைப்பகுதியை அழுகச் செய்த பிறகும் மரத்தன்மை கொண்ட நரம்புகள் கெடாமல் நிற்பதால்தான் இந்த வலை கிடைக்கிறது. அதற்கு மூன்று, நான்கு வாரங்களாவது ஆகும். நாற்றத்துக்கு அஞ்சி முதன்முறை வாளியைக் கவிழ்த்தவன்தான் நானும். சதை வழுக்கி வரும் பதத்தில் இலையைத் தட்டில் பரப்பி, மெல்லிய தூரிகையால் நடுநரம்பிலிருந்து விளிம்பை நோக்கி மட்டும் நீவுங்கள். வால்போன்ற நுனியைக் கடைசியில் தொடுங்கள்; முதலில் முறிவது அதுதான்.

மறுமொழி 2:
சலவைச் சோடா கலந்த நீரில் கொதிக்கவைத்தால் வேலை விரைவில் முடியும். ஆனால் கையுறை அவசியம். அலுமினியப் பாத்திரம் ஆகாது.

கேட்டவர்:
நன்றி ஐயா. வண்ணம் துளைகள் வழியே ஒழுகாதா?

மறுமொழி 1:
நீர்த்த வண்ணம் ஒழுகத்தான் செய்யும். உலர்ந்த இலையைப் புத்தகத்துக்குள் அழுத்தி வைத்து, பிறகு கெட்டியான அக்ரிலிக் வண்ணத்தை ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் ஒற்றி எடுங்கள்.