போலந்தின் தாத்தார் கிராமங்கள்: நேரில் கண்டவை

வார்சாவில் வசிக்கும் உறுப்பினர்:

போலந்தின் கிராமம் என்றதும் கத்தோலிக்கத் தேவாலயமும் அதைச் சுற்றிய வீடுகளுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் பெலாரூஸ் எல்லையை ஒட்டிய க்ருஷின்யானி என்ற சிற்றூருக்கு அடையாளம், பச்சை வண்ணம் பூசிய மரப் பள்ளிவாசல் ஒன்றுதான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அந்தக் கட்டடத்தின் இரட்டைக் கோபுரங்களில் பிறை மட்டும் இல்லாவிட்டால், அந்தப் பகுதியின் மரத் தேவாலயங்களுள் ஒன்று என்றே யாரும் நினைப்பார்கள். அதைக் கட்டியவர்கள் யூதத் தச்சர்கள் என்பது ஊர்வழக்கு.

இந்த ஊரின் கதை சம்பளப் பாக்கியில் தொடங்குகிறது. லித்துவேனியப் பெருங்கோமகன் விதவ்தாஸ் காலம் முதலே அந்நாட்டில் குடியமர்த்தப்பட்டுவந்த, துருக்கிய வழிவந்த முஸ்லிம்களான தாத்தார்கள் பேர்பெற்ற குதிரைப்படை வீரர்கள். 1672இல், சம்பளம் வராமல் நின்றதோடு பழைய உரிமைகளும் குறைக்கப்பட்டதால், அவர்களுடைய படைப்பிரிவுகள் பல ஒட்டோமான் பக்கம் சாய்ந்தன. அவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள விரும்பிய, போலந்து-லித்துவேனியக் கூட்டரசின் மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கியின் கருவூலத்தில் போதிய பணம் இல்லை. எனவே 1679இல் சம்பளத்துக்கு ஈடாக நிலத்தையே எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் க்ருஷின்யானி, படைத்தலைவர் சாமுவேல் முர்ஸா க்ஷெச்சோவ்ஸ்கிக்கும் அவருடைய வீரர்களுக்கும் கிடைத்தது. அவர் 1683ஆம் ஆண்டு ஒட்டோமான்களுக்கு எதிரான பார்க்கானிப் போரில் மன்னரின் உயிரைக் காப்பாற்றினார் என்ற கதையையும் அங்கே கேட்கலாம். அதற்குப் பரிசாகவே ஊர் கிடைத்தது என்று சிலர் நீட்டிச் சொல்வதைத்தான் நான் ஏற்பதில்லை, ஏனெனில் நிலம் கைக்கு வந்தது போருக்கு நான்கு ஆண்டுகள் முன்பு.

பள்ளிவாசலுக்குள் காலணியைக் கழற்றிவிட்டு நுழைந்தால் மரப்பலகைத் தரையெங்கும் கம்பளங்கள் விரிந்திருக்கின்றன. சுவர்களில் இறைவசனங்களும் மக்கா காட்சிகளும் சட்டமிட்டுத் தொங்குகின்றன. பெண்கள் தொழும் சிறிய அறைக்கும் ஆண்கள் பகுதிக்கும் இடையிலுள்ள சுவரில் ஒரு நீள்திறப்பு, அதில் மெல்லிய திரை. இமாமின் குரல் அதன் வழியே பெண்களுக்குக் கேட்கும். சற்றுத் தள்ளிப் பைன் மரங்களுக்கிடையே அடக்கத்தலம் இருக்கிறது. பழைய கப்ருகளில் தலைமாட்டில் ஒரு பெரிய கல், கால்மாட்டில் ஒரு சிறிய கல். சற்றுப் பிந்தியவற்றில் அரபு எழுத்துகளோடு போலந்து மொழியோ ரஷ்ய எழுத்தோ சேர்ந்திருக்கிறது. முஸ்லிம் பெயரோடு "ஓவிச்" என்று முடியும் குடும்பப் பெயரைக் கல்லுக்குக் கல் காணலாம். தாத்தார் மொழியை இவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மறந்துவிட்டார்கள். ஆயினும் சமய நூல்களில் போலந்து மொழியையும் பெலாரூஸ் மொழியையும், நம் அரபுத்தமிழைப் போல, அரபு எழுத்திலேயே எழுதி வைத்தார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது, அங்கே இன்று வசிக்கும் தாத்தார் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதுதான். மற்ற வீடுகளில் பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களே இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தாத்தார்களில் பலர் பியாவிஸ்தோக், க்தான்ஸ்க் போன்ற நகரங்களுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் பெருநாள் தொழுகைக்கும் நல்லடக்கத்துக்கும் திரும்பி வருகிறார்கள். குடியிருப்பவர்களைவிட வெளியூர்க்காரர்களாலேயே இந்த ஊர் தாத்தார் ஊராக நீடிக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

பியாவிஸ்தோக்கில் படித்த உறுப்பினர்:

நண்பர் எழுதியதோடு போஹோனிகி கிராமத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சொகூவ்காவுக்கு அருகிலுள்ள அந்த ஊரும் 1679இல் வழங்கப்பட்டதே. இரண்டு ஊர்களின் பள்ளிவாசல்களும் அடக்கத்தலங்களும் 2012இல் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அந்தப் பெருமையால் எல்லாம் சுமுகமாகிவிடவில்லை. 2013இல் விலங்குகளை முன்கூட்டி மயக்கமுறச் செய்யாமல் அறுப்பது நாடு முழுவதும் தடைக்குள்ளானபோது, முந்நூறு ஆண்டுகளாக நடந்துவந்த குர்பானி சட்டச் சிக்கலில் மாட்டியது. அரசமைப்புத் தீர்ப்பாயம் 2014 டிசம்பரில்தான் அந்தத் தடையை நீக்கியது. அதே ஆண்டு க்ருஷின்யானிப் பள்ளிவாசல் சுவரில் யாரோ பன்றியின் படத்தை வரைந்துவிட்டுப் போனார்கள்.

2021 இலையுதிர்காலத்தில் பெலாரூஸ் எல்லைக் காடுகளில் சிக்கி உயிரிழந்த அகதிகளில் சிலரை நல்லடக்கம் செய்தவர்கள் போஹோனிகி மக்களே. நவம்பரில் சிரியாவைச் சேர்ந்த 19 வயது இளைஞரை அடக்கம் செய்தபோது, அவருடைய குடும்பத்தார் தொலைபேசிக் காணொளி வழியாகவே அதைப் பார்த்தார்கள். அதே நாட்களில் எல்லையில் நின்ற போலந்துச் சிப்பாய்களுக்கும் இதே ஊரார் சூப் சமைத்துக் கொடுத்தார்கள். இதில் முரண்பாடு இருப்பதாகச் செய்திகள் எழுதின. அங்கே அதைப் பற்றி நான் பேசிய பெரியவர் ஒருவருக்கோ, பட்டாளத்தில் வேலை பார்த்துப் பெற்ற ஊரில் சிப்பாய்க்குச் சோறு போடுவதும், முஸ்லிம் மையித்தை அடக்குவதும் இரண்டுமே இயல்பான கடமைகள். கேள்வியே அவருக்கு வியப்பாக இருந்தது.

வார்சாவில் வசிக்கும் உறுப்பினர்:

நீங்கள் சூப்பைச் சொன்னதால் பியெரெகாச்செவ்னிக் என்ற தாத்தார் உணவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாவைத் துணியின் மீது கண்ணாடிபோல் மெல்லியதாக இழுத்து, கொழுப்போ வெண்ணெயோ தடவி, ஆறு அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, இறைச்சியை வைத்து நீளமாகச் சுருட்டி, பிறகு அந்தச் சுருளை வட்டப் பாத்திரத்தில் நத்தைக்கூடு வடிவில் வளைத்து வைத்துச் சுடுகிறார்கள். வெட்டினால் ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே தெரிய வேண்டும் என்பதே அதன் தரத்துக்கு அளவு. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் அதைப் பாரம்பரியச் சிறப்புணவாகப் பதிவு செய்தது. இந்த உணவுகளுக்காகவே க்ருஷின்யானிக்கு வருபவர்கள் உண்டு. அங்கிருந்த தாத்தார் உணவகம் 2018இல் எரிந்து போனபோது, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் பணம் அனுப்பினார்கள், அதுவும் மீண்டும் எழுந்துவிட்டது. நான் அங்கே இறைச்சி வைத்ததையும் இனிப்புப் பாலாடைக்கட்டி வைத்ததையும் உண்டேன். இறைச்சி வைத்ததுதான் மேல்.